பாஸ்போர்ட்டில் போட்ட தையல்

டோக்கன் இயந்திரம் துப்பிய சீட்டில் நூற்றுப் பதினேழு என்று இருந்தது. சுவரில் மின்னிய சிவப்பு எண் முப்பத்தொன்று. லென்ஸ் அக்கா சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மை விரலில் ஒட்டுகிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகு நான்காவது வரிசையின் ஓரத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மணி எட்டே கால். வீட்டை விட்டுக் கிளம்பியது ஐந்தரைக்கு. இரண்டு பஸ் மாறி, வாசலில் ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்று, உள்ளே வந்து உட்கார்ந்ததே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது அவளுக்கு. பக்கத்து நாற்காலிக்காரர் அந்த நினைப்பைக் கலைத்தார்.

"எத்தனாம் நம்பர்க்கா?"

"நூத்திப் பதினேழு."

"நான் நூத்திப் பதினாறு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கூப்பிட்டா நமக்கு யோகம். இங்க ஒழுங்கா ஓடுறது கடிகாரம் ஒண்ணுதான்."

அவர் வெல்டர். புறங்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள் கடுகு தெறித்தது போலக் கிடந்தன. இந்த வருடத்தில் இது மூன்றாவது தடவையாம்.

"மொத தடவை போட்டோல காது தெரியலைன்னாங்க. சரி, தெரியட்டும்னு முடிய ஒட்ட வெட்டினேன். ரெண்டாவது தடவை, பழைய போட்டோவுல இருக்கறதும் நீங்களும் ஒரே ஆளு மாதிரி இல்லையேன்னாங்க. இப்ப முடி பாதி வளர்ந்திருக்கு. காதும் பாதி தெரியுது. இதுக்கு என்ன சொல்றாங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் நீட்டிய புகைப்படத்தை லென்ஸ் அக்கா வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"வலது காது மேல்நுனி மறைஞ்சிருக்கு."

"அக்கா, நீங்க கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியவங்க," என்று வெல்டர் படத்தைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

லென்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகக் கடைசி மேசை அவளுடையது. நாற்பது இயந்திரங்களைத் தாண்டி வரும் சட்டை அவள் கையில்தான் நிற்கும். அங்குலத்துக்குப் பதினோரு தையல் இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருந்தால் அவள் கட்டை விரல் அங்கே தானாக நின்றுவிடும். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவர் கண்ணுக்குப் படுவதற்குள் அவள் கத்தரி அதைத் தின்றிருக்கும். அவள் சரி என்று விட்ட சட்டை வாங்குகிறவனிடமிருந்து திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. சூப்பர்வைசர் ஒருமுறை, "இந்தம்மா கண்ணு கண்ணு இல்ல, லென்ஸு," என்று சொன்னார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான். அந்த வருடம்தான் தங்கை பிறந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அம்மா சரியாக எழுந்து நடமாடவில்லை. நான்கு வருடம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தாள். குழந்தையை இடுப்பில் தூக்கிய லென்ஸ் அக்கா இறக்கிவிடவே இல்லை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் குழந்தை இப்போது கடல் கடந்த ஊர் ஒன்றில், பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளர். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட அக்கா இதைச் சொல்லாமல் விடமாட்டாள். வெல்டரிடமும் சொன்னாள்.

"என் தங்கச்சி கையெழுத்து இல்லாம அந்த ஆஸ்பத்திரியில ஒரு சொட்டு ரத்தம் ஒருத்தருக்கும் ஏறாது."

"பெரிய ஆளுதான். அங்கதான் கிளம்பறீங்களா?"

"ஆமா." அவள் குரல் சற்று இறங்கியது. "வயித்துல ஆபரேஷன் அவளுக்கு. இன்னையிலேருந்து பதினெட்டாம் நாள். கூட இருக்க வேற யாருமில்ல. நான் போயாகணும்."

அந்த ஊரில் விசா ஒரு தொல்லையில்லை. இறங்குகிற இடத்திலேயே முத்திரை குத்திவிடுவார்கள். கையில் உள்ள பாஸ்போர்ட் உயிரோடு இருந்தால் போதும். அவளுடையது உயிரை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் தங்கையை முதல் வேலையில் கொண்டுபோய் விட்டுவர எடுத்தது. ஒரே ஒரு பயணம். அதன் பிறகு அது பிளாஸ்டிக் உறைக்குள், உறை துணிப் பைக்குள், பை டப்பாவுக்குள் என்று பீரோவின் மேல்தட்டில் இருந்தது. பஸ் ஓட்டுகிற கணவர், "உன் பாஸ்போர்ட்டுக்குக் கிடைச்ச ராஜ வாழ்க்கை எனக்குக் கிடைக்கலையே," என்று கேலி செய்வார்.

விண்ணப்பத்தை அவள் முதலில் பென்சிலில் நிரப்பி, மேலே பேனாவால் எழுதி, மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை அழித்திருந்தாள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் இரண்டு நகல். ஒவ்வொரு நகலும் தனித்தனி உறையில். அவசரப் பிரிவுக்குத் தனிப் படிவம். குறை சொல்ல ஒருவனுக்கும் இடம் வைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

நேரம் நத்தையாய் நகர்ந்தது. சிவப்பு எண் சில சமயம் ஒரே தாவலில் ஐந்து தாண்டியது. சில சமயம் அரை மணி நேரம் ஒரே எண்ணில் சண்டித்தனம் செய்தது. மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுது அழுது தூங்கி, எழுந்து மறுபடி அழுதது. தண்ணீர்க் குழாயின் மேல் "பழுது" என்று எழுதி ஒட்டிய காகிதமே பழுதாகிக் கிழிந்து தொங்கியது. லென்ஸ் அக்காவுக்குக் கணுக்கால் வீங்கிச் செருப்பின் வார் சதையில் பதிந்தது. மேசையில் நின்றே பழகியவளுக்கு உட்கார்ந்திருப்பது கூடுதல் வலி.

பன்னிரண்டே முக்காலுக்கு நூற்றுப் பதினாறு வந்தது. வெல்டர் எழுந்து போனார். அடுத்த நிமிடமே ஐந்தாம் கவுண்டரில் நூற்றுப் பதினேழு மின்னியது.

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பதுக்குள்தான் இருக்கும். காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. அக்கா உறைகளை வரிசையாக நீட்ட நீட்ட அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.

"எல்லாருமே இப்படிக் கொண்டு வந்தா நான் சாயங்காலம் மனுஷியா வீட்டுக்குப் போவேம்மா," என்றாள்.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பழைய பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை விரித்து, பக்கங்களைப் புரட்டி, நடுப்பக்கத்தில் நின்றாள். விரலால் தடவினாள். பிறகு பக்கத்தில் இருந்த சின்ன நீல விளக்கின் அடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அந்த மலர்ச்சி போயிருந்தது.

"நூல் மினுங்கலையேம்மா."

"மினுங்காதுங்க. அது பருத்தி நூலு. ஆனா சாயம் போகாது, இருபது தடவை துவைச்சாலும்."

கவுண்டர்ப் பெண் அவளையே பார்த்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் பீரோவைச் சுத்தம் செய்தபோது அக்கா அந்தப் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தாள். நடுவில் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்திருந்த நூல் ஒரு முனையில் அவிழ்ந்து, இரண்டு தாள்கள் தொளதொளவென்று ஆடின. அவிழ்ந்த நூலைக் கண்ட பிறகு அவளால் சும்மா இருக்க முடியுமா? அதே அடர்நீலத்துக்குத் தொழிற்சாலையில் மிஞ்சிய நூல்கண்டுகளில் தேடி எடுத்தாள். பழைய நூலை முழுவதும் உருவினாள். புதிதாக ஒரு துளைகூடப் போடாமல், இருந்த துளைகளிலேயே ஊசியை ஏற்றி இறக்கி, முடிச்சை மடிப்புக்குள் மறைத்து, முதுகெலும்பு மாதிரி நிற்கத் தைத்தாள். தைத்து முடித்துக் கணவரிடம் காட்டினாள். அவருக்கு எது பழசு எது புதுசு என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு வேறென்ன?

"பாஸ்போர்ட் வரும்போதே இப்படித்தானே இருந்தது?" கவுண்டர்ப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்தக் கண்கள் சொல்லின.

அக்காவுக்கு அது புரியாமல் இல்லை. ஆனால் வாய் வேறு வேலை செய்தது.

"இல்லீங்க. நான்தான் தைச்சேன். வரும்போது இவ்வளவு உறுதியா இல்ல."

அந்தப் பெண் பேனாவை மூடினாள். "இது சாதாரண நூல் இல்லம்மா. இந்த விளக்குல வெச்சா மூணு நிறத்துல மின்னணும். நடுநூலை உருவினா உள்ள பக்கத்தை மாத்தினாங்களோன்னுதான் சட்டம் நினைக்கும். இது சேதக் கணக்குல போகும். அவசரப் பிரிவு கிடையாது."

"சேதமாயிருந்ததைத்தாங்க நான் சரி பண்ணேன்."

"எனக்குப் புரியுது. மேல ஒன்பதாம் நம்பர் ரூம், பெரிய அதிகாரியப் பாருங்க. நான் குறிப்பு எழுதித் தர்றேன்." குறிப்பை மடித்துக் கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள். "உண்மையைச் சொல்லித்தான் ஆகணுமாம்மா?"

அக்கா உறைகளைப் பொறுக்கி அடுக்கினாள். அவசரத்தில் ஒரு நகல் வேறு உறைக்குள் போய்விட்டது. அதை அவள் கவனிக்கவில்லை.

ஒன்பதாம் அறைக்கு வெளியே மரப் பெஞ்சு. உள்ளே கூப்பிட்டபோது மணி இரண்டு. பெரிய அதிகாரிக்கு ஓய்வுக்குப் பக்கத்து வயது. மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. மேசையில் கோப்புகள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றன. நடுவில் இருந்த சந்தில்தான் மனிதர்களைப் பார்க்க வேண்டும். அவர் பாஸ்போர்ட்டை விரித்து நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"யார் தைச்சது?"

"நான்தாங்க."

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. அதுதான் வம்பு. கோணல்மாணலா இருந்தா ஏதோ குழந்தை விளையாடுச்சுன்னு விட்டுடலாம். இது பழகின கை."

"இருபத்தெட்டு வருஷம்ங்க."

"விசாரணைக்கு அனுப்பினா நாப்பது நாள் ஆகும்."

"ஆபரேஷன் பதினெட்டாம் நாளுங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடித் திறந்தார். இதே போன்ற ஒரு வாக்கியத்தை அன்றைக்கு அவர் பத்துப் பேர் வாயிலாவது கேட்டிருப்பார். இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"என்ன செஞ்சீங்க, ஏன் செஞ்சீங்கன்னு உங்க கையால எழுதுங்க. எழுத வருமில்ல? சரி. அப்புறம், நோயாளி கூட நீங்கதான் இருந்தாகணும்னு ஆஸ்பத்திரி லெட்டர் வேணும். ரெண்டும் இருந்தா விசாரணையை நானே முடிச்சு அவசரத்துல போட எனக்கு அதிகாரம் இருக்கு. நாலரைக்குள்ள வரணும். நாலரைக்கு மேல கையெழுத்து போட்டா நாளைக்கு ஏன்னு கேப்பாங்க."

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் அடித்தாள். இரவு வேலை முடித்துத் தூங்குகிற நேரம். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். நான்காவது தடவை எடுத்தாள்.

"அக்கா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆஸ்பத்திரியில ஒரு லெட்டர் வாங்கி அனுப்புடி. ஆபரேஷன் தேதி போட்டு. இப்பவே வேணும்."

"லெட்டர் எங்கிட்டயே இருக்கு. எதுக்கு?"

"அனுப்பு, அப்புறம் சொல்றேன்."

தங்கை கொஞ்சம் தயங்கினாள். "அது வேற விஷயத்துக்கு வாங்கினது. லீவுக்கு."

"எதுக்கு வாங்கினா என்ன, தேதி இருக்கில்ல? அனுப்பு கண்ணு."

போன் மணியடித்துக் கடிதம் வந்து சேர்ந்தது. அதைத் தாளாக்கத் தெரியாமல் அக்கா படியிறங்கினாள். வெல்டர் இன்னும் கூடத்தில்தான் இருந்தார். காது தேறிவிட்டதாம், கைரேகைதான் விழவில்லையாம். "இருபது வருஷம் இரும்பைப் பிடிச்ச விரல்ல ரேகை எங்க இருக்கும்? தேடித்தான் பார்க்கணும்னு உட்கார வெச்சிருக்காங்க," என்றார். அவர்தான் எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய்க் கடிதத்தைத் தாளில் எடுத்துக் கொடுத்தார். ஆங்கிலக் கடிதம். தேதியையும் தங்கையின் பெயரையும் அக்கா எழுத்துக் கூட்டிப் பார்த்துக்கொண்டாள். மீதியை ஆஸ்பத்திரிக்காரர்கள் சரியாகத்தான் எழுதியிருப்பார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத முக்கால் மணி நேரம் பிடித்தது.

அதிகாரி முதலில் அதைத்தான் எடுத்தார். "மேற்படிப் புத்தகத்தின் நடுநூல் கீழ் முனையில் அவிழ்ந்திருந்ததைக் கண்டேன். பக்கம் தொலைந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில் பழைய நூலை நீக்கி, இருந்த துளைகள் வழியாகவே புதிய நூல் கோத்தேன். துளைகள் எண்ணிக்கை பதினொன்று. புதிய துளை ஏதும் இடவில்லை. பக்கம் எதையும் எடுக்கவோ சேர்க்கவோ இல்லை. அரசாங்க நூல் வேறு வகை என்பது எனக்குத் தெரியாது. இது என் பிழை."

"துளை எத்தனைன்னு நான் கேக்கலையேம்மா."

"கேட்டா என்ன சொல்றதுன்னுதாங்க."

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்து அடங்கியது. பக்கங்களின் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, "பக்கம் சரியா இருக்கு," என்று முனகிக்கொண்டு குறித்தார். பிறகு கடிதத்தை எடுத்துப் படித்தார். பாதியில் பென்சிலால் ஓர் இடத்தைத் தட்டினார்.

"கூட இருக்கறதுக்கு ஏற்கெனவே ஆள் போட்டிருக்கே."

"யாருங்க?"

"கூட வேலை பார்க்கறவங்களாம். பேரு, போன் நம்பர் எல்லாம் இருக்கு. ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது, படியேறக் கூடாது, அந்த நாளெல்லாம் வீட்ல கவனிச்சுக்கறதும் இவங்கதான்னு தெளிவா எழுதியிருக்கு." அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார். "நீங்கதான் இருந்தாகணும்னு இதுல எங்க இருக்கு? இதை வெச்சு நான் எப்படிப் போடுவேன்?"

அக்கா அந்த வரியைப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் பெயர் அச்சில், நேராக, ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தது.

"மாத்தி வாங்கித் தர்றேங்க."

"மணி மூணே முக்கால்," என்றார் அவர். பரிகாசமாக இல்லை, அலுப்பாக.

தாழ்வாரத்தின் கோடியில், உடைந்த நாற்காலிகளை அடுக்கிவைத்த மூலைக்குப் போய் நின்று மறுபடி போன் அடித்தாள். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தாள் தங்கை.

"யாருடி அவ?"

"எவளைக் கேக்கற?"

"உங்கூட இருக்கப் போறவ. யாரு?"

"எங்க செக்‌ஷன்தான்க்கா. கீழ் வீடு. ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்கா, இருந்தாலும் பாத்துக்கறேன்னா."

"நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உனக்கு ஊராரா கிடைச்சாங்க?"

"உன் பாஸ்போர்ட் காலாவதியாகி ஒரு வருஷம் ஆச்சுக்கா. பேப்பர நிரப்பற அன்னைக்கு உன் பேரை எப்படி எழுதச் சொல்ற?"

"நாலு நாள்னு சொன்னே எங்கிட்ட."

"ஆஸ்பத்திரியில நாலு நாள்தான்."

"அதுக்கப்புறம்?"

மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது. தங்கை அழுகிறாளா என்று அக்கா காதை அழுத்திக்கொண்டாள். அழவில்லை. குரல் களைத்துப்போய் இருந்தது, அவ்வளவுதான்.

"ஆறு வாரம்னு சொன்னா நீ என்ன பண்ணுவே? பத்து நாள் லீவு கேப்பே. எட்டாம் நாள் மேசையில சட்டை குவிஞ்சிருக்கும்னு தூக்கம் வராம உருளுவே. அப்பா போனப்ப மூணாம் நாள் காலையில நீ டிபன் பாக்ஸத் தூக்கிட்டுக் கிளம்பினே. நான் வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். குத்தம் சொல்லலக்கா. உன் குணம் அது. நான் எதிர்பார்த்துட்டு அப்புறம் நீ கிளம்பினா எனக்குத் தாங்காது. அதான்."

அப்பா இறந்த வாரம்தான் தங்கையின் கடைசித் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள். அந்த வார வேலைக்குப் போனால்தான் கட்ட முடியும். அதை அக்கா அப்போது சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையின் தலையில் ஏன் அந்தப் பாரம் என்று நினைத்தாள். இப்போதும் வாய் வரைக்கும் வந்தது. உடைந்த நாற்காலி ஒன்றின் காலைப் பிடித்தபடி விழுங்கிக்கொண்டாள். அதோடு, தங்கை சொன்னதில் பாதி மெய்தான். அந்த மூன்றாம் நாள் மேசைக்கு முன் போய் நின்றதும், வீட்டில் இருப்பதைவிட அங்கே நிற்பது லேசாக இருந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

"அந்தப் பேரை அடிச்சிட்டு என் பேரைப் போடச் சொல்லு," என்றாள்.

"அக்கா."

"உடன்பிறந்த அக்கான்னு போடச் சொல்லு. ஆறு வாரமும் நான்தான்னு போடச் சொல்லு. நாலரைக்குள்ள இங்க வரணும்."

"நான் இன்னும் பல்லுகூட விளக்கல. ஆஸ்பத்திரிக்குப் போய்..."

"எதிர்லதானே இருக்கு. வாயக் கொப்பளிச்சிட்டு ஓடு."

தங்கை வேறொன்றும் சொல்லாமல் போனை வைத்தாள். சரி என்று சொன்னாளா, கோபத்தில் வைத்தாளா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மணிக்குக் கீழே கூடத்தில் நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. நான்கு பத்துக்கு வெல்டர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"சுண்டு விரல்ல ரேகை கிடைச்சிருச்சுக்கா. என் ஜாதகமே அதுலதான் ஓடுது. உங்களுது?"

"வரலை."

"வரும்." அவர் கிளம்பாமல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு இருபத்தாறுக்குப் போன் மின்னியது. எதிர்க் கடைக்கு ஓட நேரமில்லை. அக்கா போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். அதிகாரி பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தார்.

"தாள்ல எடுக்கலீங்க. வந்திருச்சு."

அவர் போனை வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, நெற்றிக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். பழைய பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் யாரோ அவசரமாகப் பேனாவால் எழுதி, சின்னக் கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தார்கள். "உடன்பிறந்த மூத்த சகோதரி. முழு ஆறு வாரத்துக்கும்," என்று அவர் வாய்விட்டுப் படித்தார். மணியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"தாளை நாளைக்குக் கொண்டு வந்து சேர்த்திடுங்க. மறந்தா எனக்குத்தான் தலைவலி."

"காலையில எட்டு மணிக்கு வந்து நிப்பேங்க."

"நிப்பீங்கன்னு தெரியும்." கையெழுத்துப் போட்டார். "ஏழு வேலை நாள். தபால்ல வரும். வீட்ல ஆள் இருக்கட்டும்." பழைய பாஸ்போர்ட்டை எடுத்து, செல்லாது என்பதற்கு அடையாளமாக அட்டையின் மூலையைக் கத்தரியால் வெட்டினார். வெட்டு கோணலாக விழுந்தது. அக்காவின் கை தன்னை அறியாமல் நீண்டது. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது வெல்டர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவள் மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் கணுக்கால் விண்ணென்றது. வாசலில் காவல்காரர் சங்கிலியைப் போட்டுக்கொண்டிருந்தார். பஸ் நிறுத்தத்தில் உட்கார இடமில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்று சூப்பர்வைசருக்குப் போன் அடித்தாள்.

"என்ன லென்ஸக்கா, முடிஞ்சுதா? நாளைக்கு வந்துருவீங்கல்ல? இன்னைக்கு உங்க மேசையில அந்தப் புதுப் பொண்ண நிறுத்தினேன். நூத்தி நாப்பது சட்டை திருப்பி விட்டிருக்கா, எது எதுக்கோ. பிசிறு இருக்கறத வெளிய விட்டிருக்கா."

"நாளைக்கு இங்க ஒரு தாள் குடுக்கணும். பத்து மணிக்கு வந்துருவேன். இந்த மாசக் கடைசியிலேருந்து லீவு வேணும்."

"எத்தனை நாளு? ஒரு பத்து நாளா?"

எதிரே வந்த பஸ் அவளுடையது இல்லை. அது புகையைக் கக்கிவிட்டுப் போகும்வரை காத்திருந்தாள்.

"ஆறு வாரம்."

சூப்பர்வைசர் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தினார்.

"ஆறு வாரமா? எக்ஸ்போர்ட் மாசம்க்கா இது. யாரு பார்ப்பா உங்க மேசைய?"

"அந்தப் பொண்ணையே நிறுத்துங்க," என்றாள் லென்ஸ் அக்கா. "நாலு சட்டை திரும்பி வந்தா வரட்டும்."